முகவரியற்ற நகரமும் முகவரிப் பட்டியலும்: ஜப்பானைச் சுவைத்தல் குறித்து

1

ஜப்பானுக்குப் போய்வந்த நம்மவர்கள் எழுதுவதில் ஒரு சொல் தவறாமல் இருக்கும்: 'சுத்தம்'. தெரு சுத்தம், ரயில் சுத்தம், கக்கூஸ் சுத்தம், சமைக்கிறவர் கை சுத்தம். அடுத்து ஒழுங்கைப் பற்றிச் சொல்வார்கள். அதற்கும் அடுத்து, சோற்றையும் மீனையும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் அடுக்கிவைக்கிற அழகைப் பற்றி. கடைசியில் 'நம்ம ஊரும் இருக்குதே' என்று ஒரு பெருமூச்சு.

சாதியச் சமூகத்திலிருந்து போகிற ஒருவரால் 'சுத்தம்' என்ற சொல்லை இவ்வளவு கவலையில்லாமல் எப்படி உச்சரிக்க முடிகிறது? நம் மொழியில் அழுக்குக்கும் அதுதான் எதிர்ச்சொல், தீட்டுக்கும் அதுதான் எதிர்ச்சொல். ஒன்றைச் சொல்லும்போது மற்றது கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. ஜப்பானிய மொழியில் 'கெகாரே' என்றொரு சொல் உண்டு. சாவு, ரத்தம், பிரசவம் இவற்றால் வருகிற தீட்டு அது. செத்த மாட்டைத் தூக்கியவர்கள், தோலை உரித்துப் பதனிட்டவர்கள், தண்டனைக் களத்தில் வேலை செய்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைச் சுமந்தார்கள். எடோ காலத்தில் (1603-1868) அவர்களில் ஒரு பிரிவுக்கு 'எத்தா' என்று பெயர். அதை எழுதப் பயன்படுத்திய எழுத்துகளின் பொருள் 'மிகுந்த தீட்டு'. இன்னொரு பிரிவு 'ஹினின்', அதாவது மனிதரல்லாதோர். 1871இல் மெய்ஜி அரசு இப்பெயர்களைச் சட்டப்படி ஒழித்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1873இல், மிமாசாக்காப் பகுதியில் 'அவனும் நானும் ஒன்றா' என்று கிளம்பிய கும்பல் இவர்களது வீடுகளைக் கொளுத்தியது, பலரைக் கொன்றது. அவர்கள் வழிவந்தவர்களை இன்று புராக்குமின் என்கிறார்கள். 'புராக்கு' என்றால் வெறுமனே குடியிருப்பு, ஊர். 'காலனி' என்ற சாதாரணச் சொல் நம்மிடம் என்ன ஆனது என்று யோசித்தால் இது சட்டென்று புரிந்துவிடும்.

வெளியூர்க்காரன் ஜப்பானின் சாப்பாட்டையும் திருவிழாவையும் ஊர்சுற்றலையும் அனுபவிப்பதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்ப்பதுதான் இங்கே என் நோக்கம். அனுபவிப்பதே குற்றம் என்று சொல்லவரவில்லை. இன்பம் என்றாலே பூர்ஷ்வாத்தனம் என்று முகம் சுளிக்கிற தோழர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. எதை அழித்துவிட்டு இந்த இன்பம் சாத்தியமாகிறது என்பதே கேள்வி.

2

இவ்வகை எழுத்தில் ஆகச் சிறந்த பிரதியை எடுத்துக்கொள்வோம். மோசமானதைத் திட்டுவது சுலபம், பயனும் இல்லை. ரோலாண் பார்த் 1966க்கும் 1968க்கும் இடையில் சில தடவை ஜப்பான் போனார். 1970இல் 'குறிகளின் பேரரசு' வெளிவந்தது. உணவுக் குச்சிகள், தெம்புரா, சுகியாகி, பச்சின்கோ ஆட்டம், பொட்டலம் கட்டும் விதம், பொம்மலாட்டம், ஹைக்கூ, குனிந்து வணங்குதல் என்று அவர் கண்ணில் பட்டதெல்லாம் அதில் இருக்கிறது.

பார்த்திடம் ஒரு நேர்மை உண்டு. உண்மையான ஜப்பானைப் பற்றிச் சொல்லவில்லை, அங்கிருந்து சில கூறுகளை எடுத்து ஒரு அமைப்பைக் கற்பனையாகக் கட்டி அதற்கு 'ஜப்பான்' என்று பெயர் வைத்திருக்கிறேன் என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறார். மொழி தெரியாமல் இருப்பதே அவருக்கு விடுதலை. குறிப்பான்கள் குறிப்பீடுகளிலிருந்து கழன்று மிதக்கின்றன. ஆழம் கிடையாது, மேற்பரப்புதான். எல்லாவற்றுக்கும் ஒரு மையமும் ஒரு உள்ளர்த்தமும் தேடுகிற மேற்கத்திய நோய்க்கு இது மருந்து என்கிறார். 'கீழைத்தேயம் என்றால் ஆன்மிகம்' என்று உளறுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் இரண்டு இடங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, டோக்கியோவுக்கு மையம் உண்டு, ஆனால் அந்த மையம் காலி என்று அவர் சொல்வது. அகழியும் மரங்களும் மறைத்துநிற்கிற அரண்மனையைச் சுற்றி நகரம் ஓடுகிறது, யாரும் உள்ளே போவதில்லை. அழகான வாசிப்புதான். யாருக்கு அது காலி? புராக்கு விடுதலை இயக்கத்தின் பெருந்தலைவர் மாட்சுமோட்டோ ஜீச்சிரோ 1947இல் மேலவையின் துணைத் தலைவரானார். பேரரசர் முன்னால் புறம் காட்டாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்க வேண்டும் என்ற சம்பிரதாயத்தை 1948 ஜனவரியில் மறுத்தார். மேலே பிரபுக்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறவரை கீழே இழிந்தவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தே தீரும் என்பது அவர் வாதம். தூய்மையின் உச்சியும் தீட்டின் அடியும் ஒரே ஏணியின் இரண்டு முனைகள் என்று அறிந்தவருக்கு அந்த மையம் காலியாகத் தெரிய வாய்ப்பில்லை. பார்த் முதன்முதலாக ஜப்பானில் கால் வைத்த அதே 1966இல்தான் மாட்சுமோட்டோ இறந்தார்.

இரண்டாவது, டோக்கியோவின் தெருக்களுக்குப் பெயர் இல்லை என்று பார்த் மகிழ்ந்துபோவது. முகவரி கேட்டால் ஒரு தாளில் படம் வரைந்து தருகிறார்கள். நகரத்தை நடந்துநடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குப் பின்னால் வருகிறேன்.

3

சாப்பாட்டுக்கு வருவோம். உணவுக் குச்சிகளைப் பற்றி பார்த் எழுதியிருப்பது பிரமாதம். கத்தியைப் போல வெட்டுவதில்லை, முள்கரண்டியைப் போலக் குத்துவதில்லை. எடுக்கின்றன, பிரிக்கின்றன, புரட்டுகின்றன. வன்முறை செய்து பிடிக்கிற இரையாக உணவு இனி இல்லை என்கிறார். சுகியாகியிலும் அப்படித்தான். பச்சை இறைச்சியும் காய்களும் தட்டில் வருகின்றன, கண்முன்னே வேகின்றன, எது முதல் எது கடைசி என்று கிடையாது.

மேஜையில் கத்தி இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் மாடு தானாக இழை இழையாகப் பிரிந்து தட்டில் வந்து விழவில்லை. வெட்டுகிற வேலை மேஜையிலிருந்து விலகி வேறு இடத்துக்கும் வேறு கைகளுக்கும் போயிருக்கிறது. குச்சியின் மென்மைக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. அந்த முன்நிபந்தனைக்குத்தான் தீட்டு என்று பெயர்.

675இல் பேரரசர் டெம்மு, மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை ஆண்டின் ஒரு பகுதியில் தின்னக்கூடாது என்று ஆணையிட்டார். நூற்றாண்டுகள் போகப் போக மாட்டிறைச்சி விலக்கு கெட்டிப்பட்டது. எடோ காலத்தில் ஹிகோனே சிற்றரசு மட்டும் மாட்டு இறைச்சியை மிசோவில் ஊறவைத்து 'மருந்து' என்று சொல்லி ஷோகுனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. போர்முரசுக்குத் தோல் கொடுக்கும் கடமை அதற்கு இருந்ததால் மாடு அறுக்க அனுமதியும் இருந்தது. 1872இல் மெய்ஜி பேரரசரே மாட்டிறைச்சி தின்றார் என்று செய்தி பரப்பப்பட்டது. ஒரே நாளில் மாட்டுக்கறி 'நாகரிகம்' ஆயிற்று, மேஜைக்கு வந்தது. அறுத்தவன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தான். தின்பவனின் தீட்டு போய்விட்டது, அறுப்பவனின் தீட்டு போகவில்லை. நம் ஊரில் தின்றாலும் தீட்டு, அறுத்தாலும் தீட்டு. தீட்டு ஒவ்வொரு இடத்திலும் தனக்குச் சௌகரியமான தருக்கத்தை அமைத்துக்கொள்கிறது.

டோக்கியோவின் ஷினகாவா நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஷிபவுரா இறைச்சிச் சந்தை வரும். பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடங்கள், அதிவேக ரயில். சந்தைக்குள் பொதுமக்களுக்கான தகவல் கூடம் ஒன்று உண்டு. மாடு எப்படி இறைச்சியாகிறது என்று விளக்குகிற அதே கூடத்தில், அங்கு வேலை செய்கிறவர்களை இழிவுபடுத்தி வந்த கடிதங்களையும் வைத்திருக்கிறார்கள். அங்குள்ள எல்லாத் தொழிலாளர்களும் புராக்குமின் அல்ல. வேலையே ஆளுக்குத் தீட்டைப் பூசிவிடுகிறது. வாக்யு மாட்டிறைச்சியைக் கொண்டாடுகிற பயணக் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கடிதங்கள்தான் என் நினைவுக்கு வரும்.

2013இல் ஜப்பானியச் சமையலை, 'வாஷொக்கு' என்ற பெயரில், மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. பருவங்கள், இயற்கைக்கு மரியாதை, புத்தாண்டுக் கொண்டாட்டம் என்று ஒரு சொல்லாடல். ஒசாகா புராக்குகளில் மாட்டுக்குடலைப் பொரித்து எண்ணெய் வடித்துச் செய்யும் 'அபுராகாசு'வுக்கு அதில் எந்தப் பருவம்? நல்ல துண்டு வெளியே போனபின் மிஞ்சியதை ருசியாக்கிய சமையல் அது. இப்போது அதைப் போட்ட 'காசு உதோன்' ஒசாகாவின் பெயர்போன பண்டங்களில் ஒன்று. நானும் சாப்பிட்டேன், ரசம் வழிய வழிய, பிரமாதம். குடல்கறி தின்று வளர்ந்த நாக்குக்கு அந்நியமாக ஒன்றும் தெரியவில்லை. கடையின் விளம்பர அட்டையில் 'ஒசாகாவின் உள்ளூர்ச் சுவை' என்று போட்டிருந்தது. எந்த உள்ளூர் என்று இல்லை. பண்டம் பொதுவுக்கு வருகிறது, பண்டத்தைப் படைத்தவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

4

அடுத்து ஊர்சுற்றல். கியோத்தோ போகிற எல்லோரும் ரியோவான்ஜி கோயிலின் கல் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். பதினைந்து கற்கள், வாரிவிட்ட வெள்ளைச் சரளை. சூனியம், மௌனம், ஜென். அங்கே ஒரு கல்லின் பின்புறம் இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன: கோத்தாரோ, செய்ஜிரோ. அவர்கள் 'கவராமோனோ', ஆற்றங்கரை ஆட்கள், என்று கருதப்படுகிறது. வரி இல்லாத ஆற்றுமணலில் தங்கித் தோல் பதனிட்டும் கிணறு தோண்டியும் பிழைத்த இவர்களிலிருந்துதான் பதினைந்தாம் நூற்றாண்டின் தோட்டக் கலைஞர்கள் பலர் வந்தார்கள். ஷோகுன் அஷிகாகா யோஷிமாசாவின் மதிப்பைப் பெற்ற ஜென்அமி அவர்களில் ஒருவர். அவருடைய பேரன் மத்தாஷிரோ 1489இல் ஒரு ஜென் துறவியிடம் சொன்னது குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. உயிர்களை அறுக்கும் வீட்டில் பிறந்ததற்காக வருந்துகிறேன், ஆகவே எந்த உயிரையும் கொல்வதில்லை, பொருளுக்கு ஆசைப்படுவதில்லை என்கிற பொருளில் அவர் பேசியிருக்கிறார்.

நம் நந்தன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல. தன் பிறப்பைத் தானே குற்றமாக ஒப்புக்கொண்ட பிறகுதான் கோயில் கதவு கொஞ்சம் திறக்கிறது. அந்தத் தோட்டத்தின் 'வெறுமை'யை ரசிக்கிறோம். முன்பக்கம் வெறுமைதான். கல்லின் பின்பக்கம் இரண்டு ஆட்களின் பெயர் இருக்கிறது.

திருவிழாவும் இப்படித்தான். கியோத்தோவின் கியோன் விழா 869இல் கொள்ளைநோய்க்குப் பரிகாரமாகத் தொடங்கியது என்பார்கள். தீட்டைக் கழிப்பதுதான் அதன் மூலக்காரியம். இடைக்காலத்தில் கடவுளின் பல்லக்குக்கு முன்னால் நடந்து வழியைத் துப்புரவாக்கியவர்கள் 'இனுஜினின்'. சவ அடக்கம், துப்புரவு, வில்நாண் செய்தல் ஆகியவை அவர்கள் தொழில். விழாவை விழாவாக்கியவர்கள் அவர்கள், விழாவின் பெருமையில் பங்கில்லாதவர்களும் அவர்களே. 1871க்குப் பின்னும் பல ஊர்களில் புராக்கு மக்களைக் கோயில் விழாவில் சேர்க்க மறுத்தார்கள். தேர் எங்கள் தெருவுக்கு வருமா வராதா என்கிற சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல.

5

2024 ஜூலையில் ஒசாகாவில் சில நாட்கள் நண்பர் ஒருவர் வீட்டில் இருந்தேன். தென்ஜின் விழா. ஆற்றில் படகுகள், கரை முழுக்க தக்கோயாகி, வாட்டிய சோளம், ஐஸ் கடைகள், யுகாத்தா உடுத்திய இளசுகள். உயரமான சிவப்புத் தொப்பி வைத்தவர்கள் ஒரு பெரிய முரசின்மேல் முன்னும் பின்னும் சாய்ந்தாடி அடிக்கிறார்கள். நெஞ்சுக்கூட்டுக்குள் போய் விழுகிற அடி. பறையடி கேட்டு வளர்ந்தவனுக்கு உடம்பு சும்மா இருக்குமா! இன்பம் என்றால் அதுதான், அதற்கு நான் விளக்கம் சொல்லப் போவதில்லை.

மறுநாள் வட்டப்பாதை ரயிலில் ஏறி அஷிஹராபாஷியில் இறங்கினேன். நிலையத்திலிருந்து நீள்கிற சாலைக்கு 'மனித உரிமை - தைக்கோ சாலை' என்று பெயர். தைக்கோ என்றால் முரசு. இந்த நனிவா வட்டாரத்தில்தான் எடோ காலத்தின் மாபெரும் தோல் மையமான வத்தனபே கிராமம் இருந்தது. கோயில்களிலும் விழாக்களிலும் முழங்கிய முரசுகளை இப்பகுதியினர் தலைமுறைகளாகச் செய்தார்கள். செய்தவர்கள் அடிக்கவில்லை. செய்வது இழிவு, அடிப்பது கௌரவம். 1987இல் இங்கிருந்த இளைஞர்கள் சொந்தமாக ஒரு முரசுக் குழுவைத் தொடங்கினார்கள். வைத்த பெயர் 'இக்காரி', கோபம்.

இதைப் பறையோடு ஒப்பிட எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் பறையில் செய்பவரும் அடிப்பவரும் சேர்ந்தே இழிவுபடுத்தப்பட்டார்கள். ஜப்பானிய முரசுக்கு நெருங்கிய உறவு பறை அல்ல, மிருதங்கம். வாசிக்கிற கை ஒரு சாதி, தோலை இழுத்துக் கட்டுகிற கை வேறு சாதி. டி.எம். கிருஷ்ணா 2020இல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிறகுதான் சபாக்களில் உட்கார்ந்திருந்த பலருக்கு அது மாட்டுத்தோல் என்பதே 'தெரியவந்தது'. தெரியாமலா இருந்தது? தெரியாத மாதிரி இருப்பதற்கு ஒரு பண்பாடே கட்டப்பட்டிருக்கிறது. பார்த் 'மேற்பரப்பு' என்று கொண்டாடுவதை இந்த இடத்தில் நான் சந்தேகிக்கிறேன். குறி தானாக வெறுமையாவதில்லை. யாரோ அதைக் காலி செய்கிறார்கள், காலி செய்ததற்கான தடயத்தையும் துடைக்கிறார்கள். அப்புறம் சுத்தமாக இருக்கிறது என்று நாம் பாராட்டுகிறோம்.

6

'அப்படியானால் எல்லாவற்றையும் அம்பலப்படுத்துவோம், எந்த முரசு எந்த ஊரில் செய்தது, எந்தக் கடைக்காரர் யார் என்று எழுதுவோம்' என்று விமர்சகனுக்குத் தோன்றும். இங்கேதான் சிக்கல். முகவரிக்கு வருவோம்.

புராக்கு மக்களை நிறத்தாலோ மொழியாலோ பெயராலோ மதத்தாலோ பிரித்தறிய முடியாது. காட்டிக்கொடுப்பது ஊர் மட்டுமே. 1872இல் எடுத்த முதல் குடும்பப் பதிவேட்டில் பலருக்குப் பழைய இழிநிலை அடையாளம் குறிக்கப்பட்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்பும் வேலை கொடுப்பதற்கு முன்பும் அதைப் புரட்டிப் பார்த்தார்கள். பொதுப்பார்வையிலிருந்து அது விலக்கப்பட்டது 1968இல்தான். தெருப்பெயர் இல்லாத நகரத்தில் பார்த் சுகமாகத் தொலைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள்! பதிவேடு மூடப்பட்டதும் வேறு வழி கண்டுபிடித்தார்கள். நாடெங்கும் உள்ள புராக்குகளின் பெயர், இடம், வீடுகளின் எண்ணிக்கை, முக்கியத் தொழில் எல்லாம் அடங்கிய பட்டியல்களை அச்சடித்து நிறுவனங்களுக்கு ரகசியமாக விற்றார்கள். 1975 நவம்பரில் இது வெளிப்பட்டது. வாங்கிய நிறுவனங்கள் இருநூறுக்கும் மேல்.

முகவரியே இல்லாத நகரம் என்று வெளியூர்க்காரர் எழுதி ஐந்து ஆண்டுகளுக்குள் முகவரிப் பட்டியல் அம்பலமாகிறது. இரண்டும் ஒரே நாடுதான். முகவரியின்மை ஒருவருக்கு இன்பம், இன்னொருவருக்கு அதுவே பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பும் காசுக்கு விற்கப்பட்டது.

இது பழங்கதையும் அல்ல. புராக்குப் பாகுபாட்டை ஒழிப்பதற்கென 2016 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. தண்டனைப் பிரிவு ஏதும் அதில் இல்லை. அதே ஆண்டில் போருக்கு முந்தைய கணக்கெடுப்பு ஒன்றைப் புத்தகமாகவும் இணையத்திலும் வெளியிடும் முயற்சி நடந்து வழக்கானது. 2023 ஜூனில் டோக்கியோ உயர்நீதிமன்றம் 'பாகுபடுத்தப்படாமல் இருக்கும் உரிமை'யை ஏற்றுத் தடை விதித்தது. பட்டியல் போட்டவர்களின் வாதம் என்ன தெரியுமா? ஆராய்ச்சி, கருத்துச் சுதந்திரம். அம்பலப்படுத்துகிறோம் என்கிற நம் மொழியையே அவர்களும் பேசுகிறார்கள்.

ஆகவே யார் பெயரிடுகிறார்கள் என்பதே அளவுகோல். 1922 மார்ச் 3 அன்று கியோத்தோவில் கூடிய சுய்ஹெய்ஷா இயக்கம் தங்களை இழிக்கப் பயன்பட்ட 'எத்தா' என்ற சொல்லையே கையிலெடுத்து, அப்படி இருப்பதில் பெருமைப்படும் காலம் வந்துவிட்டது என்று அறிவித்தது. முள்கிரீடம் பொறித்த கறுப்புக் கொடி. மறு ஆண்டு கொரியாவில் இறைச்சி வெட்டும் மக்கள் ஹியோங்பியோங்சாவைத் தொடங்க, இரண்டு இயக்கங்களும் தொடர்பு வைத்துக்கொண்டன. அது தானே தனக்கு இட்டுக்கொண்ட பெயர். இக்காரி குழுவும் அப்படியே. 2013இல் வந்த 'ஓர் இறைச்சிக் கடையின் கதை' என்ற ஆவணப்படத்தில் ஒசாகா மாநிலத்தின் கைசுகா ஊர்க் குடும்பம் ஒன்று மாட்டை வளர்ப்பதையும் அறுப்பதையும் விற்பதையும் தோலை முரசாக்குவதையும் தாங்களே கேமரா முன்னால் செய்துகாட்டுகிறது. 102 ஆண்டு நடந்த அந்த ஊர் அறுப்புக்கூடம் 2012இல் மூடப்படும் தறுவாயில் எடுத்த படம். அஷிஹராபாஷியின் பெயரை நான் எழுதியிருப்பதும், அந்த மக்களே அதைப் பலகையில் எழுதிவைத்திருப்பதால்தான். எழுதிவைக்காத ஊர்களின் பெயர் இக்கட்டுரையில் இருக்காது.

7

அதே வட்டாரத்தில் 1985இல் திறந்த ஒசாகா மனித உரிமை அருங்காட்சியகம் இருந்தது. புராக்கு மக்கள், ஜப்பான்வாழ் கொரியர், ஐனு, ஒக்கினாவா மக்கள், தொழுநோயால் ஒதுக்கப்பட்டவர்கள் என்று பலரும் தங்கள் வரலாற்றைத் தாங்களே வைத்த இடம். 2013இல் மானியம் நின்றது. 2015இல் இடத்தைக் காலி செய்யச் சொல்லி நகராட்சி வழக்குப் போட்டது. 2020 மே மாத இறுதியில் மூடிவிட்டார்கள். 2025இல் அதே ஒசாகாவில் உலகக் கண்காட்சி கோலாகலமாக நடந்தது. 2024இல் மட்டும் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 3 கோடியே 68 லட்சம் பேர்.

மக்கள் தாமே பெயரிட்டுப் பேசிய இடத்தை மூடிவிட்டால் என்ன மிஞ்சும்? ஒரு பக்கம் மேற்பரப்பு: சுத்தம், பருவம், முரசொலி, கையேட்டுப் படங்கள். இன்னொரு பக்கம் திருட்டுத்தனமான பட்டியல். நடுவில் இருந்த பேச்சைத்தான் காலி செய்திருக்கிறார்கள். வெளியூர்க்காரரின் இன்பம் அப்பாவித்தனமானது அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். அவர் எதையும் மூடவில்லை. ஆனால் மூடியதை மூடியதாகவே தெரியாமல் வைத்திருக்க அவருடைய ரசனை பயன்படுகிறது.

நம்மவர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. தமிழில் ஜப்பானை எழுதுவது புதிதல்ல. 1916இலேயே பாரதி ஹைக்கூ பற்றி எழுதினான். இன்று டோக்கியோவின் நிஷி கசாயில் கணினி வேலைக்காரர்கள் குடும்பங்களோடு வாழ்கிறார்கள். பொங்கல் வைக்கிறார்கள், சக்குரா பார்க்கப் போகிறார்கள், குழம்பில் மீன்சாறு கலந்திருக்குமோ என்று கடைக்காரரைத் துருவித்துருவிக் கேட்கிறார்கள். 2001இல் டர்பன் மாநாட்டில் தலித்துகளும் புராக்கு மக்களும் 'வேலையும் பிறப்பும் காரணமான பாகுபாடு' என்று சேர்ந்து குரல் எழுப்பியபோது, சாதியைப் பேசவே கூடாது என்று நின்றது நம் அரசு. அந்த உறவு அறுந்துபோகவில்லை. ஆனால் ஜப்பானைப் பற்றி நாம் எழுதும் பக்கங்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை.

போங்கள், சாப்பிடுங்கள், திருவிழாவில் ஆடுங்கள். வந்து எழுதும்போது அந்தச் 'சுத்தம்' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நிறுத்தி, நம் தெருவில் அதற்கு என்ன பொருள் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். முரசைப் பற்றி எழுதினால் தோலைப் பற்றியும் எழுதுங்கள். தோலைத் தந்தவரின் ஊரை எழுதலாமா கூடாதா என்பதை அந்த ஊர்க்காரரிடம் கேளுங்கள்.